பேராவூரணி பக்கம் ஒட்டு தென்னங்கன்னு வாங்குன நாத்தாங்கால்: நாலு வருஷம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

தென்னங்கன்னுக்கு வாங்குன அன்னைக்கே ரிவ்யூ போட முடியாதுங்க. பாளை விட்டு, குரும்பை பிடிச்சு, அது நிக்குதா கொட்டுதான்னு பாத்தாத்தான் நாம வாங்குனது என்னன்னே தெரியும். அதனால 2021 ஆடியில வாங்குன ஒட்டுக் கன்னுக்கு, அதாவது நெட்டையும் குட்டையும் கலந்த கலப்பினக் கன்னுக்கு, இப்பதான் எழுதுறேன். நாத்தாங்கால் பேரு போடல. அந்த அண்ணன் வருஷத்துக்கு சில நூறு கன்னுதான் போடுறாரு, ஏற்கனவே புக்கிங் நீண்டு கிடக்கு, பேரு மட்டும் போடாத தங்கச்சின்னு கேட்டுக்கிட்டாரு. பேராவூரணியில இருந்து சேதுபாவாசத்திரம் போற பக்கம், அவ்வளவு போதும், அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு தெரிஞ்சுடும்.

எதுக்கு இவ்வளவு அலைஞ்சேன்னா, கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியக்காலம். எங்க தோப்புல 140 மரம் இருந்துச்சு, விடிஞ்சு பாத்தா நின்னது 31. தாத்தா கையால வச்ச மரமெல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு, அப்பா ஒரு வாரம் தோப்பு பக்கமே போகல. அடுத்த வருஷம் ஒரு வியாபாரி வண்டியில கன்னு ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாரு, யாரு எந்த ஊருன்னு நான் சொல்லப் போறதில்ல, நெட்டை குட்டை ஒட்டு, மூணரை வருஷத்துல காய்னு சொல்லி 60 கன்னு இறக்குனாரு. இருந்த நிலைமையில அப்பா ஒண்ணும் கேக்கல, எண்ணிக் குடுத்துட்டாரு. நானும் கேக்கல, என்ன கேக்கணும்னே அப்ப எனக்கு தெரியாது.

செத்துப் போன கன்னுக்கு பதில் கன்னு தேடித்தான் 2020 தை மாசம் இந்த அண்ணன்கிட்ட போனேன். போன உடனே கன்னு காட்டுவாருன்னு பாத்தா, மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. கஜாவுக்குத் தப்பிச்ச ஒரு இருபது இருபத்தஞ்சு குட்டை மரம், சாவக்காடு ஆரஞ்சு, நாம செவ்விளநின்னு சொல்றோமே அதான். தலைக்கு மேல கொஞ்சம் உயரத்துலயே பாளை, ஒரு ஸ்டூல் போட்டா எட்டிடும். ஏறச் சொன்னாரு, ஏறிப் பாத்தேன்.

அன்னைக்கு நான் பாத்தத கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா ஒட்டு கன்னோட தரம் முழுக்க அந்த பாளையிலதான் இருக்கு. பாளை வெடிச்சு உள்ள இருக்கற கொத்து விரியும்ல, அந்த ஒவ்வொரு கிளை நரம்புலயும் மேல பூரா நெல்லு மாதிரி பொடிப்பொடியா இருக்கறது ஆண் பூ, கிளையோட அடியில பட்டன் மாதிரி உருண்டையா ஒண்ணு ரெண்டு உக்காந்திருக்கறது பெண் பூ, அதாவது குரும்பை. ஒரே பாளையில ஆண் பூ ஆயிரக்கணக்குல இருக்கும், குரும்பை எண்ணுனா இருபது முப்பதுதான் தேறும். ஆணும் பொண்ணும் ஒரே கொத்துல இருந்தாலும் ஒரே நேரத்துல தயாராகாது. ஆண் பூதான் முந்தும். நுனியில இருந்து ஆரம்பிச்சு கீழ் நோக்கி தினமும் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு, மகரந்தத்த குடுத்துட்டு உதிரும், நெட்டை மரத்துல இது ஏறக்குறைய மூணு வாரம் நடக்கும். அது முடிஞ்ச பிறகுதான் குரும்பையோட மூக்கு திறக்கும். அப்படித் திறக்கும்போது அந்த மரத்தோட அந்த பாளையில ஒரு ஆண் பூ கூட மிச்சம் இருக்காது, பக்கத்து மரத்து மகரந்தம் தேனீ கால்லயோ காத்துலயோ வந்தாத்தான் காய். நெட்டை மரம் ஒவ்வொண்ணும் ஒரு விதமா காய்க்கறதுக்கு காரணமே இதுதான், வெளிச்சேர்க்கை, எந்த அப்பன் மகரந்தம் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

குட்டை மரத்துல கதை கொஞ்சம் வேற. அங்கயும் ஆண் பூதான் முதல்ல ஆரம்பிக்கும், ஆனா அது முடியறதுக்குள்ளயே குரும்பை தயாராகிடும், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். அதனால தன் மகரந்தமே தன் குரும்பையில விழுந்து, செவ்விளநியில இருந்து செவ்விளநியாவே வரும். இப்ப குட்டைய தாயா வச்சு நெட்டை மகரந்தம் போட்டு ஒட்டு பண்ணணும்னா, அந்த ஆண் பூ அத்தனையும் விரியறதுக்கு முன்னாடியே கையால உருவி எடுக்கணும். ஒரு நாள் லேட் ஆனா போச்சு. கொத்துல ரெண்டு ஆண் பூ இடுக்குல மாட்டிக்கிட்டு நின்னாலும் போச்சு. இது தெரியாம, இல்ல தெரிஞ்சும் சோம்பேறித்தனத்துல விட்டுட்டு, அதுல விழுந்த காயை எடுத்து முளைக்க வச்சு ஒட்டுன்னு விக்கறதுதான் பெரிய ஏமாத்து வேலை.

அண்ணன் கிளையோட மேல் பாகத்த கத்திரியால வெட்டி விட்டு, மிச்சம் இருந்த ஆண் பூவ ஒவ்வொண்ணா நகத்தால கிள்ளி எடுத்தாரு. ஒரு பாளைக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தேன், முக்கால் மணி நேரத்துக்கு மேல. அப்புறம் துணிப்பை போட்டு கட்டி, தேதி எழுதி ஒரு தகடு மாட்டுனாரு. அவரோட உதவிக்கு இருக்கற தம்பி நெட்டை மரத்துல இருந்து ஆண் பூ இறக்கி, நிழல்ல காய வச்சு, மகரந்தத்த சலிச்சு டால்கம் பவுடரோட கலந்து வச்சிருந்தாரு. அந்த நெட்டை எதுன்னா, கஜாவுல நின்ன மரம், நாப்பது வயசுக்கு மேல, குலைக்கு குலை காய் குறையாத மரமா பாத்து வச்சிருக்காங்க. பக்கத்து மரத்துல குரும்பை தயாரா இருந்துச்சு, அதையும் காட்டுனாரு. நுனி மூணா பிளந்து வெள்ளையா பளபளன்னு, ஒரு சொட்டு தேன் மாதிரி கசிஞ்சு நிக்குது, எறும்பு வரிசையா வந்திருக்கு. இந்த நிலை ஒரு குரும்பைக்கு ரெண்டு நாள் மூணு நாள்தான், அப்புறம் நுனி பழுப்பாகிடும், அதுக்கப்புறம் நீ என்ன போட்டாலும் ஏறாது தங்கச்சின்னாரு. அதனால தினமும் காலையில பை திறந்து பாத்து, தயாரான குரும்பைக்கு மட்டும் பவுடர் ஊதி விட்டு, மறுபடி கட்டறாங்க. ஞாயித்துக்கிழமை, பொங்கல் எதுவும் கிடையாது, பாளைக்கு லீவு தெரியாதே.

இந்த வேலைய நம்ம பக்கத்து ஆளுங்க புதுசுன்னு நினைக்கறாங்க. 1932லயே நீலேஸ்வரத்துல பண்ணியிருக்காங்க, அப்ப அது மதராஸ் மாகாணம், ஜே.எஸ். படேல்னு எண்ணெய் வித்து நிபுணர் ஒருத்தர் மேற்குக் கரை நெட்டைக்கும் சாவக்காடு பச்சைக் குட்டைக்கும் ஒட்டு போட்டு கன்னு எடுத்தாரு. தென்னையில ஒட்டு வீரியம், அதாவது ஒட்டுக் கன்னு ரெண்டு பெத்தவங்களையும் விட தெம்பா வர்றது, இருக்குன்னு உலகத்துக்கே முதல்ல காட்டுனது அதுதான். நம்ம வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த வி.எச்.சி 1, 2, 3 ஒட்டு ரகம் மூணும் கிழக்குக் கரை நெட்டைய தாயா வச்சு பண்ணது. அதுல தாய் மரம் உயரம், ஏறித்தான் ஆண் பூ எடுக்கணும். நெட்டையில ஆண் பூ முன்னாடியே முடிஞ்சிடுமே, ஏன் எடுக்கணும்னு நான் கேட்டேன். அதுக்கு அண்ணன் சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சுது. மரத்துல மாசத்துக்கு ஒரு பாளை வருது, சில சமயம் இந்த பாளையோட குரும்பை திறக்கற நேரமும் அடுத்த பாளையோட ஆண் பூ விரியற நேரமும் ஒண்ணா வந்துடும், அப்ப அதே மரத்து மகரந்தம் மேல இருந்து கீழ விழும். அதனால ஒரு மரத்த தாய்னு வச்சா அதுல வர்ற எல்லா பாளையிலயும் ஆண் பூ எடுக்கணும், ஒண்ண விட்டுட்டு ஒண்ணுன்னு கிடையாது. கேக்கற கேள்விக்கு இப்படி பதில் சொல்ற ஆளுகிட்ட பொருள் வாங்கலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

கன்னு தேர்வுக்கு வர்றேன். மகரந்தச் சேர்க்கை பண்ணதுல இருந்து விதைக்காய் முத்த 11, 12 மாசம், அப்புறம் காய வச்சு நாத்தாங்கால்ல பதிச்சு கன்னாக 9ல இருந்து 12 மாசம், அதாவது நம்ம கைக்கு வர்ற கன்னுக்குப் பின்னாடி ரெண்டு வருஷ வேலை இருக்கு. எனக்கு 18 மாசம் காத்திருக்க வேண்டி வந்துச்சு, 2021 ஆடியிலதான் கூப்பிட்டாரு. போன உடனே அவரே எடுத்து வைக்காம, நீயே பொறுக்கிக்கன்னு விட்டாரு. மட்டைக் காம்போட கலர பாக்கச் சொன்னாரு. ஆரஞ்சு குட்டை தாய்க்கு நெட்டை மகரந்தம் ஏறியிருந்தா கன்னோட காம்பு பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு வெண்கலக் கலர்ல இருக்கும். தன் மகரந்தமே ஏறியிருந்தா காம்பு சுத்த ஆரஞ்சா நிக்கும். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா குழந்தை கூட பிரிச்சுடும். ஆரஞ்சா வந்த கன்ன அவர் ஒதுக்கி, செவ்விளநி கன்னுன்னே தனியா குறைஞ்ச விலைக்கு விக்கறாரு. அது போக கழுத்துச் சுத்தளவு 10 சென்டிமீட்டராவது இருக்கணும், இலை ஆறுக்கு குறையக் கூடாது, இலை சீக்கிரமா பிளந்திருந்தா நல்லது. 40 கன்னு எடுத்தேன், ஒண்ணு 250 ரூபா.

இந்த காம்பு கலர் விஷயத்த 2020 தையிலயே சொல்லியிருந்தாரு, அன்னைக்கு சாயங்காலமே அப்பாவ கூட்டிட்டு தோப்புக்குப் போய் வண்டிக்காரர் குடுத்த கன்ன ஒவ்வொண்ணா பாத்தோம். செத்தது போக 47 நின்னுச்சு. 29 சுத்த ஆரஞ்சு. 12 வெறும் பச்சை, நெட்டை. வெண்கலக் கலர்ல இருந்தது ஆறே ஆறு. அப்பா ஒண்ணும் பேசல, வரப்புல உக்காந்துட்டாரு. ஒரு வருஷம் தண்ணி ஊத்துன கன்ன புடுங்கவும் மனசு வரல. அந்த 12 பச்சையும் இன்னைக்கு வரைக்கும் பாளை விடல, 29 ஆரஞ்சும் நாலாவது வருஷத்துலயே செவ்விளநி காய்க்க ஆரம்பிச்சுது, இளநிக்கு ஓடுது, ஆனா கொப்பரைக்குன்னு நினைச்சு வச்ச இடத்துல அது நிக்குது.

வித்ததுக்கு அப்புறம் எப்படின்னு கேப்பீங்க, அதுலதான் இந்த நாத்தாங்காலுக்கு என் முழு மார்க். கன்னு வச்ச நாலாவது வருஷம், 2025 மாசியில முதல் பாளை வெடிச்சுது. ஆசையா போய் பாத்தா ஒரு குரும்பை இல்ல. முழுக்க ஆண் பூ. ரெண்டு வாரத்துல எல்லாம் கொட்டி மரத்தடியில பொரி இறைச்ச மாதிரி கிடந்துச்சு. அடுத்த மரத்துலயும் அப்படியே. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, மறுபடி ஏமாந்துட்டோமோன்னு. போட்டோ எடுத்து அனுப்புனேன், பத்து நிமிஷத்துல கூப்பிட்டாரு. இளம் தென்னை முதல்ல விடற ஒண்ணு ரெண்டு பாளையில ஆண் பூ மட்டும்தான் இருக்கும், மரத்துக்கு தெம்பு கூடக் கூட குரும்பை வரும், பயப்படாத, பொட்டாஷ் உரத்த விட்டுடாதன்னாரு. சொன்ன மாதிரியே நாலாவது பாளையில மூணு குரும்பை, ஆறாவதுல பதினொண்ணு. ஆண் முந்தறது பாளைக்குள்ள மட்டும் இல்ல, மரத்தோட வயசுலயே ஆண்தான் முந்துது.

ஏன் அப்படின்னு யோசிச்சா புரியுது. ஆண் பூவுக்கு பெரிசா செலவு இல்ல, விரிஞ்சு உதிர்ந்தா வேலை முடிஞ்சுது. ஒரு குரும்பை காயாக 11, 12 மாசம் மரம் சுமக்கணும், தண்ணி, பருப்பு, மட்டை எல்லாம் கட்டிக் குடுக்கணும். சின்ன மரத்தால முடியாது. இதையே நம்ம கடக்கரையில மீன்லயும் பாக்கலாம். முத்துப்பேட்டை காயல்ல, மல்லிப்பட்டினம் பக்கம் வர்ற கொடுவா மீன் பொறந்து வளந்து முதல்ல ஆணாத்தான் பருவத்துக்கு வரும், சில வருஷம் ஆணா இருந்து, எடை கூடுன பிறகுதான் பொட்டையா மாறும். பெரிய உடம்புலதான் லட்சக்கணக்குல முட்டை தங்கும். அதனால குஞ்சு பொரிக்கறவங்க சின்ன சைஸ்ல ஆணும் பெரிய சைஸ்ல பொட்டையும் தேடி சேக்கணும், சென்னையில இருக்கற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் 1997ல இத தொட்டியில வச்சு பொரிக்க வச்சாங்க. கண்ணாடித் தொட்டியில வளக்கற ஆரஞ்சு வெள்ளை க்ளவுன் மீனும் இதே மாதிரிதான், கூட்டத்துல பெரிசு பொட்டை, அது செத்தா அதுக்கு அடுத்து இருக்கற ஆண் பொட்டையா மாறிடும். நான் கொடுவா ருசிக்காக மட்டும் வாங்கிட்டு இருந்தேன், இப்ப மீன்காரம்மா வெட்டும்போது சினை இருக்கா, எத்தன கிலோன்னு கேக்கறேன். ரெண்டு கிலோவுல சினை நான் இதுவரைக்கும் பாக்கல.

குறை இல்லாம இல்ல. முதல் குறை காத்திருப்பு, 18 மாசம்னு சொன்னேன், அதுக்கு நடுவுல ரெண்டு தடவை தேதி தள்ளிப் போச்சு, ஒரு தடவை நானே கூப்பிட்டாத்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது, டெலிவரி கிடையாது, வண்டி நாமதான் பாத்துக்கணும், ரோட்டுல இருந்து உள்ள போற பாதை மழை பேஞ்சா டாட்டா ஏஸ் கூட மாட்டிக்கும். மூணாவது கொஞ்சம் பெரிசு, எந்த தாய் மரத்துல எந்த தேதியில சேர்க்கை பண்ணதுன்னு மரத்துல தகடு இருக்கு, கன்னுல இல்ல. நாத்தாங்காலுக்கு வரும்போது எல்லாம் கலந்துடுது. அந்தத் தகடு கன்னு வரைக்கும் வந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன், செய்யறேன்னு சொல்லியிருக்காரு. 40ல 4 போச்சு, அதுல மூணு காண்டாமிருக வண்டு குருத்த துளைச்சது, அது எங்க தோப்போட பிரச்சினை, கஜாவுல விழுந்த கட்டைய சரியா அகற்றாததால வண்டு பெருகிடுச்சு. ஒண்ணு வச்ச மூணு மாசத்துல குருத்தழுகல்ல போச்சு, அதுக்கு மட்டும் மறு கன்னு குடுத்தாரு, காசு வாங்கல.

ஒட்டு மரத்தப் பத்தியும் ஒண்ணு ரெண்டு சொல்லணும், எல்லாருக்கும் இது சரிப்படாது. தண்ணி குறைஞ்சா நெட்டை தாங்கற மாதிரி இது தாங்காது. உரமும் தவறாம வைக்கணும். சுருள் வெள்ளை ஈ 2016ல பொள்ளாச்சியில முதல்ல பாத்ததா சொல்வாங்கல்ல, அது குட்டையையும் ஒட்டையும் தேடி வந்து உக்காருது, எங்க ஆறு மரத்துல அடி மட்டையெல்லாம் கருப்பா படிஞ்சு கிடக்கு. மானாவாரியா விடறவங்க, மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் தோப்புக்குப் போறவங்க நெட்டையே வைங்க. அப்புறம் இந்த ஒட்டு மரத்துக் காய எடுத்து நீங்களே முளைக்க வைக்காதீங்க, அதுல குட்டையும் நெட்டையும் ரெண்டுங்கெட்டானும் கலந்துதான் வரும். எங்க பெரியம்மா மகன் ஏற்கனவே விதைக்காய் கேட்டுட்டாரு, இல்லன்னு சொல்லிட்டேன், அண்ணன் நம்பர் குடுத்துட்டேன்.

ஸ்டார் போடணும்னா அஞ்சுக்கு நாலரை. அரை குறைச்சது தகடுக்காக. முதல்ல வச்சதுல நிக்கற 36 மரத்துல 22 பாளை விட்டிருக்கு, ஒன்பது மரத்துல குரும்பை நின்னு காயாகிட்டு இருக்கு. முழுக்காய் இன்னும் உரிச்சுப் பாக்கல, பருப்பு எவ்வளவு வருதுன்னு அடுத்த வெட்டுக்கு அப்புறம் இங்கயே சேத்து எழுதறேன்.

போறவங்க காலையில எட்டு மணிக்குள்ள போயிடுங்க, அப்பதான் பை திறப்பாங்க. கன்ன கடைசியில பாத்துக்கலாம், முதல்ல பாளைய காட்டச் சொல்லுங்க. வேற எந்த நாத்தாங்காலுக்குப் போனாலும் தாய் மரம் எது, ஆண் பூவ எந்த அன்னைக்கு எடுத்தீங்கன்னு இந்த ரெண்டையும் கேளுங்க. பதில் சொல்ல ஒரு நிமிஷத்துக்கு மேல யோசிச்சாங்கன்னா வண்டிய திருப்பிடுங்க.